சுபம் போடுவதற்குள்

ஜனவரி 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணனுக்கு மட்டும் ஒரு வாரமாகப் பேச்சு வரவில்லை. தொண்டை வலி என்று பயந்துவிடாதே, கோபம்தான். உன் கழுத்து வலி தேவலையா? அந்த மைக்ராஸ்கோப்பையே கட்டிக்கொண்டு கிடக்காதே, நடுநடுவே நிமிர்ந்து உட்கார்.

கோபத்துக்குக் காரணத்தைக் கேள். உங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே உன் அப்பா எழுந்துவிடுவார். கூட்டம் வெளியே வருவதற்குள் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்தாக வேண்டும். "அப்புறம் என்ன, எல்லாம் நல்லா முடிஞ்சிருக்கும், நடங்க" என்பார். மாமாவும் போய்ச் சேர்ந்தார், சைக்கிளும் போய் ஸ்கூட்டர் வந்தது, அந்த வழக்கம் மட்டும் அசையாமல் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு படத்தின் முடிவைக்கூட நான் தியேட்டரில் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து நாமே ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கொலைப் படத்துக்குப் போனோம். பெரிய பங்களா, கிழவர் செத்துக் கிடக்கிறார், வீட்டில் இருக்கிற ஏழு பேர் மேலும் சந்தேகம். இரண்டேகால் மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலில் நிற்கவைத்து, "கொலை பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று வாயைத் திறக்கிறார். உன் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, "வா" என்கிறார்.

"நீங்க போங்க. நான் முடிஞ்சதும் வர்றேன்."

"என்னது?"

பின்சீட்டுக்காரர், "சார், ஒண்ணு உக்காருங்க, இல்ல கிளம்புங்க" என்றார். உன் அண்ணன் கிளம்பிவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. வெளியே வந்தால் ஸ்கூட்டரைக் காணோம். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அவருக்கு யார் கொலை செய்தது என்று கேட்க ஆசை, வயிற்றுக்குள் குடைகிறது, எனக்குத் தெரியாதா? கேட்கட்டும், சொல்ல மாட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன். போய்ப் பார். ஆனால் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்.

இப்படிக்கு,
உன் அண்ணி

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால்தான் படுத்துகிறது. மகளுக்குப் பரீட்சை வருகிறது. உங்கள் உடம்பையும் அண்ணன் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போனில் புலம்பிவிட்டான். "உங்க அண்ணிக்கு டிரைவிங் ஸ்கூல்ல எல்லாரையும் அதட்டி அதட்டி, புருஷன்னும் பயம் விட்டுப்போச்சு" என்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இந்த வீம்பு எதற்கு, அண்ணி? கடைசிக் கொஞ்ச நேரத்தில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது? எங்களுக்கு அது பழகிப்போனது. இவருக்கும் நான்தான் அந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தேன். இப்போது என்னைவிட முன்னால் இவர் எழுந்துவிடுகிறார்.

கொலைப் படம் எனக்கு ஒத்துவராது. போன வாரம் நாங்கள் ஒரு குடும்பப் படம் பார்த்தோம். மூன்று பிள்ளைகள், ஒரு அம்மா. அம்மாவாக நடித்தவர் அப்படியே வாழ்ந்திருக்கிறார். அத்தை இரண்டு கர்ச்சீப் நனைத்தார். கண்டிப்பாகப் பாருங்கள். மனசு லேசாகிவிடும்.

ஒரு சின்னச் செய்தி. எங்கள் லேபில் புதுக் கிளை திறக்கிறார்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம். அதற்குத் தலைமைப் பொறுப்பு எனக்கு என்று ஆர்டர் வந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எங்கள் லேபில் ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. ஏப்ரல் முடிவதற்குள் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்கலாம்.

அண்ணனோடு சமாதானமாகிவிடுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்

*

பிப்ரவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகமாக இருக்கிறோம். அத்தை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவர் கர்ச்சீப்பை நனைத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன், அதனால் என் பேனா கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

மனசு லேசாகிவிடுமாமே! எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். ஏன் இந்தப் படங்களில் அம்மா என்றால் இருமிக்கொண்டே இருக்க வேண்டும்? ஒரு டாக்டரிடம் போனால் என்ன? பெரியவன் தட்டைத் தூக்கி எறிகிறான், இவள் இருமிக்கொண்டே பொறுக்குகிறாள். நடுவிலவன் வீட்டை எழுதி வாங்குகிறான், இவள் இருமிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள். நீங்கள் எழுந்துபோன பிறகு என்ன ஆனது தெரியுமா? செத்துப்போகிறாள். மூன்று பிள்ளைகளும் போட்டோவுக்கு முன்னால் அழுகிறார்கள், ஊரே கும்பிடுகிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்களா? என்னிடம் வண்டி ஓட்டப் படிக்கிற மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒருத்தி அழுதாள். மற்ற இரண்டு பேரும் என்னைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என் பள்ளிக்கூடம் சரியாகத்தான் நடக்கிறது.

உன் அண்ணன் இப்போது நாலைந்து வார்த்தை பேசுகிறார். "சாவி எங்க?" "கரண்ட் பில்லு கட்டியாச்சு." அவ்வளவுதான்.

அது இருக்கட்டும். சின்னச் செய்தியா அது? சின்னச் செய்தியை யாராவது கடிதத்தின் கடைசியில் ஒளித்துவைப்பார்களா? ஆர்டர் கையில் வந்தபோது நீ துள்ளியிருப்பாய், அதை ஏன் எழுதவில்லை? உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? ஒன்று விடாமல் எழுது.

இப்படிக்கு,
அண்ணி

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அனைவரும் நலம். வெயில் ஏறிக்கொண்டு வருகிறது, பகலில் வண்டியிலேயே அலைகிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அந்த அம்மா படத்தை நீங்கள் இப்படிக் கிழிப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன். சரி, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்று சொல்கிறேன். பேய்ப் படம், ஆனால் சிரிப்புப் பேய். வாடகை வீட்டில் குடியிருக்கும் பேய் அது. புதிதாக வந்தவர்கள் பயப்படாமல் அதனிடம் வாடகையில் பாதி கேட்கிறார்கள். பேய் அழுதுகொண்டே ஓனரிடம் முறையிடுகிறது. குட்டையாக ஒருவர் தரகராக வருகிறார், அவர் நடையைப் பார்த்தாலே சிரிப்பு வரும். மகள் சிரித்துச் சிரித்துச் சீட்டிலிருந்து நழுவிவிட்டாள். பாட்டுகள் மட்டும் தேவையில்லை, பேய்க்கு எதற்கு டூயட்? இசையும் கொஞ்சம் இரைச்சல். மற்றபடி முழுசாகச் சிரிக்கலாம்.

பக்கத்துத் தியேட்டரில் சீட்டையெல்லாம் மாற்றிவிட்டார்கள். இப்போது முதுகு வலிக்கவில்லை.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்

*

மார்ச் 9

நாத்தனாரே,

நான் நலம், நீ நலமா என்பதுதான் கேள்வி.

பேயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். தரகர் நடை எழுதியிருக்கிறாய், சீட்டு எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. என்னிடம் படிக்க வருகிறவர்கள் பிரேக்கை மிதிக்கப் பயந்தால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் ஹாரனை அமுக்குவார்கள்.

ஏப்ரல் முடிவு வரப்போகிறது. என்ன முடிவு செய்திருக்கிறாய்?

அண்ணி

பி.கு. உன் அண்ணன் இப்போது என்னை விட்டுவிட்டுப் போவதில்லை. பாதியில் எழுந்துபோய் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து வெளியே நிறுத்திக் காத்திருக்கிறார். வழியில் நேற்று மெல்லக் கேட்டார், "கடைசியில என்ன ஆச்சு?" என்று. "உள்ள வந்து பாருங்க" என்றேன். ஸ்கூட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார்.

*

மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இவர் "உன் இஷ்டம்" என்றார். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். அன்று சாப்பிடவில்லை, பசியில்லையாம். அத்தை, "எனக்கென்ன, நான் பாட்டுக்கு ஒரு மூலையில படுத்துக் கிடப்பேன்" என்றார். மகள், "அப்போ காலையில என்னை யாரு எழுப்புவா?" என்று கேட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, அண்ணி. ஆனால் வீட்டில் ஒரு வாரம் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஆர்டரைப் பீரோவில் வைத்துவிட்டேன் என்று சொன்ன அன்று சாயங்காலம் இவர் டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் எல்லோரும் சேர்ந்து பார்த்த டீச்சர் படம்? அவளுக்கும் வெளியூரில் பெரிய பொறுப்பு கிடைக்கும், பஸ் ஸ்டாப் வரைக்கும் போவாள். பஸ் வருகிற நேரத்தில் மழையில் பெட்டியோடு திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த இடத்தில் நான் எவ்வளவு அழுதேன்! அதற்குப் பிறகு அந்த வீடு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எனக்கு அந்தச் சந்தோஷம் போதும்.

திட்டாதீர்கள்.

அன்புடன்,
நாத்தனார்

*

ஏப்ரல் 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே நலம். திட்டுவதற்காக எழுதவில்லை, அதனால் பயப்படாமல் படி.

"இருந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையை நீயே ஒருமுறை படித்துப்பார். அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்தாயா? நாம் எங்கே பார்த்தோம்? அவள் மழையில் திரும்பி வந்ததும் உன் அப்பா எழுந்துவிட்டார், நாம் எல்லோரும் வரிசையாகப் பின்னால் வந்துவிட்டோம்.

இப்போது கேள். என் அதிர்ஷ்டமோ உன் அதிர்ஷ்டமோ, இங்கே பழைய தியேட்டரில் காலைக் காட்சிக்கு அதே டீச்சர் படம் போட்டிருந்தார்கள். வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போனேன். சீட்டில் ஸ்பிரிங் குத்தியது, ஃபேன் ஓடவில்லை, என்னோடு மொத்தம் ஒன்பது பேர். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மழையில் திரும்பி வருகிறாளா? வந்து பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறாள். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அவள் பரிமாறுகிறாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் விடிகிறது. தலை சீவிக்கொள்கிறாள், அதே பெட்டியை இழுக்கிறாள். புருஷன் வாசலில் நிற்கிறான். "நேத்துதானே திரும்பி வந்த?" என்கிறான். "நேத்து மழை" என்கிறாள். போய்விடுகிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறாள், வெயில் முகத்தில் அடிக்கிறது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். சுபம்.

என் கண்ணால் பார்த்தேன். வெளியே வந்து அரை மணி நேரம் வண்டியை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ அழுத அழுகையெல்லாம் பாதிப் படத்துக்கு, தெரிந்துகொள்.

இப்படிக்கு,
அண்ணி

*

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். நலம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன், நலம்தானே?

"நேத்து மழை." அப்படியா சொன்னாள்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் அவளைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேனே!

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "எந்த ஊர்ல இப்படிப் படம் எடுத்தான்?" என்று சிரித்தார். "எங்க அண்ணி பாத்துட்டு வந்து சொன்னாங்க" என்றேன். விடவில்லையே நான்! ஆர்டரைப் பீரோவிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

இன்னொரு சந்தோஷம், அண்ணி. வருகிற 26, ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தை டிவியில் போடுகிறார்கள்! பேப்பரில் பார்த்தேன். எல்லோரையும் முன்னால் உட்காரவைத்துக் கடைசி வரைக்கும் காட்டப் போகிறேன். நான் வாதாட வேண்டியதில்லை, டீச்சரே பேசிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 23

அவசரம். நலம்.

டிவியில் அந்தப் படத்தைப் பார்க்காதே. டிவிக்காரர்கள் இஷ்டத்துக்கு வெட்டுவார்கள். பிரிண்ட் வேறு மோசமாக இருக்கும். கண்ணுக்குக் கெடுதல், மைக்ராஸ்கோப் பார்க்கிற கண் அது. அன்று மதியம் எல்லோரையும் எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போய்விடு. நல்ல காற்றாவது கிடைக்கும்.

காரணம் கேட்காதே. பெரியவள் சொன்னால் கேள்.

அண்ணி

பி.கு. இரண்டு நாளாக உங்கள் வீட்டுப் போன் கிடைக்கவே இல்லை.

*

மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கழுத்து வலி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் அவசரக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. படம் ஞாயிற்றுக்கிழமையே ஓடி முடிந்துவிட்டது.

இவர், அத்தை, மகள், எல்லோரையும் உட்காரவைத்தேன். நடுவில் நான். "இருங்க, கடைசியில பாருங்க" என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். டீச்சர் மழையில் திரும்பி வந்தாள். பழக்க தோஷம், என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கண்ணால் பார்த்தீர்களே! ஆர்டரை எடுத்து அடுப்பில் போட்டாள், அண்ணி. அந்த நெருப்பிலேயே டீ போட்டாள். குழந்தை வந்து, "இனிமே எங்கேயும் போகமாட்டியே அம்மா?" என்று கேட்டது. "மாட்டேன் கண்ணு." வீடே சிரித்தது. சுபம்.

இவர் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார். "உங்க அண்ணி பாத்தது வேற டீச்சரோ?" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு அழகா முடிச்சிருக்கான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உங்கள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போதும் இருக்கிறது. பொய் சொல்லித்தான் என்னைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தீர்களா? நான் அவ்வளவு மக்கா?

நான் ஊகித்து வைத்திருந்ததுதான் சரி, பாருங்கள். வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தக் காகிதம் கருகுவதைப் பார்க்கப் பார்க்க, ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. ஒருத்தர்கூட "ஏன் எரிக்கிற?" என்று அவளிடம் கேட்கவில்லை. டீ நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்கள்.

"நல்லாவே இல்ல" என்றேன்.

"எது?" என்றார் இவர்.

"முடிவு. தப்பா முடிச்சிருக்கான்."

"அதுக்கு இப்ப என்ன பண்றது? படம் முடிஞ்சு போச்சு."

"படம்தானே முடிஞ்சுது? நான் நாளைக்குச் சம்மதம்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "உன் இஷ்டம்" என்றார். அதே குரல்.

"ஆமா, என் இஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு டிவியை நான்தான் அணைத்தேன். அத்தை ஏதோ ஆரம்பித்தார். "அத்தை, வெந்நீர் ஒத்தடம் காலையில நான் குடுத்துட்டுப் போறேன், சாயங்காலம் உங்க பிள்ளை குடுப்பார்" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பப் பார்த்தேன்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். உங்களுக்காகக் கொடுக்கவில்லை, அந்த டீச்சருக்காகவும் இல்லை. இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இவர் இன்னும் சரியாகப் பேசவில்லை. இரண்டு நாள் ராத்திரி சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் தானாகவே போட்டுச் சாப்பிட்டார். மகள் கடிகாரத்தில் அலாரம் வைக்கக் கற்றுக்கொண்டாள். நேற்று லீவு ஸ்பெஷல் கிளாஸுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் பஸ்ஸை விடவில்லை.

இந்தக் கடிதத்தைப் புதுக் கிளையில் என் மேசையிலிருந்து எழுதுகிறேன். நேற்றுத்தான் முதல் நாள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பிளக் பாயின்ட் இல்லாத சுவரில் இடம் விட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே வேலை செய்ய நாலு பேர், அதில் இரண்டு பேர் என்னைவிட வயதில் பெரியவர்கள். அவர்களில் ஒருவர், "மேடம், போன இடத்துல எல்லாம் ட்யூப்ல லேபிளைக் கடைசியில மொத்தமாத்தான் ஒட்டுவோம்" என்றார். "இங்க ரத்தம் எடுத்த உடனே, ஆள் எதிர்லயே பேரைச் சரிபார்த்து ஒட்டணும்" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் லேபிளை எடுத்துக்கொண்டு வரப் போனார்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் மேல் கோபம் தீர்ந்ததும் அடுத்த கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நாத்தனார்